வீட்டு நாயின் முதுமையும் பிரிவும்



சென்ற தவணையில் ஒரு நாள் எமது ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று எம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டது. "எங்கட நாய்க்குச் சுகமில்லை. அதின்ர பேரில அருச்சனை செய்யலாமோ? அதின்ர நட்சத்திரம் அம்மாவுக்குத் தெரியாதாம்." நாம் சிரித்துவிட்டோம். பிள்ளை சிரிக்கவில்லை. அந்த நாய்க்கு வயது பதின்மூன்று. பிள்ளை பிறக்க முன்னரே அது அந்த வீட்டில் இருந்தது.

நான்கு வாரங்கள் சென்றபின் தாயார் வந்து நாய் இறந்துவிட்டது என்றார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாய்தானே எண்டு நீங்கள் நினைப்பியள்" என்றும் சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அந்த மாதம் முழுவதும் அவர் இதைப் பற்றி எம்மவர் ஒருவரிடமும் கதைக்கவில்லையாம்.

லண்டனில் எமது குடும்பங்கள் பலவற்றில் இப்போது நாய் வளர்கிறது. பிள்ளைகள் கேட்டு அழுததால் வாங்கிய குட்டிகள் இன்று கிழட்டு நாய்களாகிவிட்டன. அவற்றை எப்படிப் பராமரிப்பது, கடைசி நாளில் என்ன முடிவு எடுப்பது, அதன்பின் வீட்டில் வரும் துக்கத்தை எப்படிக் கையாளுவது என்பவற்றை எமக்குச் சொல்லித்தர ஊரில் எவரும் இருக்கவில்லை. ஆகவே இம்முறைப் பாடத்தை இதற்கென ஒதுக்கியுள்ளோம்.

எமது மரபில் நாய்

ஊரில் நாய் வளவுக்குள் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. மிஞ்சிய சோற்றைத் தின்று, படலையடியில் படுத்து, அந்நியரைக் கண்டால் குரைத்தது. இங்கு அது சோபாவுக்குப் பக்கத்தில் படுக்கிறது. இதைப் பார்த்து ஊரிலிருந்து வரும் அம்மம்மாமார் முகம் சுளிப்பதும் உண்டு. சாமி அறைக்குள் நாயை விடாமல் இருப்பது அவரவர் வீட்டு ஆசாரம். அதைப் பிள்ளைகள் மதிக்க வேண்டும். ஆனால் எமது சமயம் நாயை வெறுக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு வைரவரை வழிபடாத ஊர் இல்லை. அவருடைய வாகனம் நாய். வடைமாலை சாத்தி அவரைக் கும்பிடும் நாம், கோயில் நடை சாத்தும்போது அவருக்குப் பூசை செய்து, காவலை அவரிடம் ஒப்படைத்துவிட்டே வீட்டுக்குப் போகிறோம்.

மகாபாரதத்தின் பதினேழாவது பருவமாகிய மகாபிரஸ்தானிக பருவத்தில், தருமர் தம்பியரையும் திரௌபதியையும் வழியிலே இழந்து தனியாக நடக்கிறார். கூடவே வந்த ஒரு நாய் மட்டும் மிஞ்சுகிறது. இந்திரன் தேரோடு வந்து நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுக்கிறார். அந்த நாய் தருமதேவதையே என்பது பின்னரே தெரிய வருகிறது. நாய் யார் என்று தெரியாத நிலையிலேயே அவர் அந்த முடிவை எடுத்தார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

நாலடியார், யானையைப் போன்றவரின் நட்பை விட்டு நாயைப் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலை ஆட்டும்.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊர் உண்டு. அங்கு கிடைத்த ஒரு நடுகல் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் ஆநிரை காத்து இறந்த ஒரு வீரனுக்கு அதை எடுத்திருக்கிறார்கள். வீரனோடு அவனுடைய நாயையும் கல்லிலே செதுக்கி, கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் எழுதி வைத்தார்கள். நாயின் பெயரும் அக்கல்லில் இருக்கிறது: கோவிவன். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த இனம் நாம். "நாய்தானே" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எமக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம இடப்பெயர்வின்போது, கையில் எடுத்ததைக் கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வளவில் விட்டு வந்த நாயைப் பற்றி அவர்களிற் சிலர் இன்றும் கதைப்பதுண்டு. அன்று கூட்டிப்போக வழியில்லை. இன்று எம்மோடு வாழும் நாயின் கடைசி நாள்வரை கூட இருக்க எமக்கு வழி இருக்கிறது. இதை ஒரு பேறாகவே கொள்ள வேண்டும்.

முதுமையை அறிந்துகொள்ளல்

நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியான கணக்கு அல்ல. உடம்பு பெரிதான இனங்கள் விரைவில் முதுமை அடைகின்றன. மிகப் பெரிய நாய்கள் ஆறு, ஏழு வயதிலேயே முதியவை. சிறிய நாய்களுக்கு முதுமை பத்து வயதளவில் தொடங்கும்.

நாய் தன் நோவைச் சொல்லாது. பெரும்பாலும் முனகுவதும் இல்லை. "வயது போச்சு, அதுதான் மெதுவாக நடக்குது" என்று நாம் எண்ணுவதிற் பாதி மூட்டுவாதமாக இருக்கும். முதுமை நோயல்ல, நோவுக்கு மருந்து உண்டு. ஆகவே கீழ்வரும் மாற்றங்களைக் கண்டால் மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

1. படுத்து எழும்பும்போது விறைப்பு, மாடிப்படியில் தயக்கம், காரில் ஏற மறுத்தல். இவை மூட்டு நோவின் அடையாளங்கள்.

2. அதிக தாகம். ஒரு நாளில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது அதிகம். பத்துக் கிலோ நாய்க்கு அது ஒரு லீற்றர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாட் காலையில் மிஞ்சியதைக் கழித்துப் பாருங்கள். சிறுநீரக நோய், நீரிழிவு முதலியவற்றை இப்படித்தான் ஆரம்பத்தில் பிடிக்கலாம். கருப்பை அகற்றப்படாத பெண் நாய் மாதவிலக்குக்குச் சில வாரங்களின் பின் சோர்ந்து, அதிகம் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

3. நித்திரையில் மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டுவது தொடர்ந்தால் இருதயத்தையும் சுவாசப்பையையும் பரிசோதிக்க வேண்டும்.

4. இரவில் காரணமின்றி நடமாடுதல், சுவரைப் பார்த்து நிற்றல், பழகிய அறையில் வழி தவறுதல், பழகிய வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தல். மனிதருக்கு வரும் மறதி நோயைப் போன்ற ஒன்று நாய்க்கும் வரும். அதை ஏசுவதில் பயனில்லை.

5. புதிய கட்டிகள், வாய் நாற்றம், காரணமின்றி மெலிதல்.

முதிய நாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டுவது நல்லது. செலவு பெரிய கவலைதான். அரசாங்க உதவிப்பணம் பெறும் குடும்பங்களிற் பலவற்றுக்கு பி.டி.எஸ்.ஏ., புளூ குறொஸ் ஆகிய தரும நிறுவனங்களின் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் கிடைக்கும். தகுதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மேரியா டிக்கின் என்ற பெண்மணி 1917இல் வைற்சப்பலில், வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாத ஏழைகளின் மிருகங்களுக்காகத் தொடங்கியதே பி.டி.எஸ்.ஏ. எனவே உதவி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியவை

பலகைத் தளமும் ஓட்டுத் தளமும் முதிய நாய்க்குப் பனிக்கட்டி போன்றவை. அது நடக்கும் வழியெங்கும் வழுக்காத விரிப்புப் போடுங்கள். நகங்கள் நீண்டால் கால் இன்னும் வழுக்கும். ஆகவே அவற்றை வெட்டிவிட வேண்டும். படுக்கை தடிப்பாக இருக்கட்டும், கதவிடுக்கால் குளிர்காற்று வரும் இடத்தில் வேண்டாம். இரவில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் கண் மங்கிய நாய்க்கு வழி தெரியும். தளபாடங்களை இடம் மாற்றாதீர்கள்.

ஒரே தடவையில் நீண்டதூரம் நடத்துவதை விட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது நேரம் நடத்துங்கள். உடல் நிறையைக் கூட விடாதீர்கள். கொழுத்த நாயின் மூட்டு இரட்டிப்புச் சுமையைச் சுமக்கிறது. "பாவம், வயது போன சீவன், விரும்பினதைத் தின்னட்டும்" என்று சொல்லும் அப்பப்பாமாருக்கு இதை அன்போடு விளங்கப்படுத்துங்கள்.

எமது வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, நாய் நொண்டினால் பனடோலில் ஒரு துண்டு கொடுப்பது. மனிதரின் நோமாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கலாம். ஐபுபுறோபன் சிறிதளவே வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கும். நாய்களுக்கென்றே நல்ல நோமருந்துகள் இருக்கின்றன.

தீபாவளிக் காலமும் நவம்பர் 5ஆம் நாளும் அடுத்தடுத்து வருவதால் இந்நாட்டில் நாய்களுக்கு அது பயங்கரமான பருவம். இங்கிலாந்தில் பெரும்பாலான நாட்களில் இரவு 11 மணிக்குப் பின் வாணவெடி கொளுத்தத் தடை. நவம்பர் 5இல் நள்ளிரவுவரையும் தீபாவளியன்று அதிகாலை 1 மணிவரையும் அனுமதி உண்டு. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்நேரம்வரை வெடிக்க வேண்டியதில்லை. அயல்வீட்டிலும் ஒரு கிழட்டு நாய் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கலாம்.

பிரசாதமும் விஷமும்

நாம் அன்போடு கொடுப்பதே சில வேளை நஞ்சாகிவிடுகிறது. வெங்காயமும் உள்ளியும், பச்சையானாலும் சமைத்தாலும், நாயின் இரத்தத்திலுள்ள செங்குருதிக் கலங்களை உடைக்கும். எமது கறியில் இவை இல்லாத நாள் எது? ஆகவே கறி பிசைந்த சோற்றை நிறுத்துங்கள். நாம் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த முந்திரிகையும் பச்சை முந்திரிகைப் பழமும் சில நாய்களின் சிறுநீரகத்தை முற்றாகச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. சக்கரைப் பொங்கலிலும் பாயாசத்திலும் அது இருக்கிறது. கோயிலிலிருந்து கொண்டுவந்த பிரசாதத்தை "அதுவும் சாமியின் பிள்ளைதானே" என்று நாய்க்குக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. நாய்க்கு வெறும் வெள்ளைச் சோற்றில் ஒரு பிடி கொடுத்தால் போதும்.

சொக்லேற்றும், சீனியில்லாத சுவிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்ற இனிப்பும் ஆபத்தானவை. நெய்யும் பொரித்த எண்ணெய்ப் பலகாரமும் கணையத்தில் அழற்சியை உண்டாக்கும். மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் நாய்க்கும் அதையே கொடுக்க விரும்பினால், வைத்தியரைக் கேட்டு, நாய்க்கென்று முழுச் சத்தும் சேர்த்துத் தயாரித்த உணவையே கொடுக்க வேண்டும். முதிய, நோயுற்ற நாயின் உணவைத் திடீரென மாற்ற வேண்டாம்.

கடைசி முடிவு

இந்தப் பாடத்தின் கடினமான பகுதி இது. நோய் முற்றிய நாய்க்கு ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்று இந்நாட்டு வைத்தியர் சொல்வார். எமது குடும்பங்கள் அப்போது தவித்துப்போகின்றன. கொல்லாமையைப் படித்த நாம் இதற்குச் சம்மதிக்கலாமா? பாவம் வருமா? அதன் கர்மத்தை அது அனுபவித்துத் தீர்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வியில் எம்மைச் சேர்ந்த பெரியோரும் ஒருமனப்படவில்லை. 1928இல் சபர்மதி ஆச்சிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் துடித்தது. வைத்தியர் கைவிட்டுவிட்டார். காந்தியடிகள் பலநேரம் யோசித்து, தாமே அருகில் நிற்க, ஊசி மருந்தால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். நாடெங்கும் இருந்து கோபக் கடிதங்கள் வந்தன. தமது பத்திரிகைகளில் அவற்றுக்கு அவர் வெளிப்படையாகப் பதில் எழுதினார். தன் நன்மைக்காகக் கொல்வதே இம்சை, துடிக்கும் உயிரின் நன்மையை மட்டும் கருதிச் செய்வது அப்படியல்ல என்பது அவருடைய நிலை.

மறுபக்கமும் உண்டு. 2007 டிசம்பரில் லண்டனுக்கு அருகே ஹேற்போர்ட்சயரிலுள்ள பக்திவேதாந்த மனர் கோயிலில், நெடுநாளாக எழுந்து நிற்க முடியாமல் அடியார்களின் பராமரிப்பில் இருந்த கங்கோத்ரி என்ற பசுவை, ஆர்.எஸ்.பி.சி.ஏ. மிருக நல நிறுவனத்தினர் ஊசி போட்டு இறக்கச் செய்தார்கள். பசு வேதனைப்படுகிறது என்பது அவர்களின் கருத்து. இயற்கையாக இறக்கும்வரை பணிவிடை செய்வதே தமது தருமம் என்பது கோயிலாரின் கருத்து. இந்நாட்டு இந்துக்கள் பெரிதும் மனம் புண்பட்டார்கள். மறு ஆண்டு இரு தரப்பும் சமாதானமாயின.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது எமக்கு ஒன்று தெளிவாகிறது. காந்தியடிகளும் கன்றின் அருகில் நின்றார், கோயிலாரும் பசுவின் அருகில் இரவு பகல் இருந்தார்கள். இரு பகுதியினரும் அந்த உயிரைக் கைவிடவில்லை. கைவிடுவதுதான் பாவம். நாயைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று விரைவாக முடிப்பதும், பிரியச் சகிக்கவில்லை என்று தாங்கமுடியாத நோவில் நாட்கணக்காக வைத்திருப்பதும், இரண்டும் எமக்காகச் செய்வன. அதற்காகச் செய்வது எது என்று கேட்க வேண்டும்.

அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்துள்ளார். அதில் ஏழு விடயங்கள். நோவு அடங்கியிருக்கிறதா? சாப்பிடுகிறதா? தண்ணீர் உடலில் நிற்கிறதா? துப்புரவாக வைத்திருக்க முடிகிறதா? எதிலாவது மகிழ்ச்சி காட்டுகிறதா? நடக்கிறதா? நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட அதிகமா? வீட்டிலுள்ள நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஓர் அடையாளமும் கெட்ட நாளுக்கு வேறோர் அடையாளமும் இட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் இந்த முடிவைச் சுமக்கக் கூடாது. எல்லோரும் கூடிக் கதைத்து எடுக்க வேண்டும்.

ஊசி போடச் சம்மதிக்காத குடும்பம் நாயை நோவோடு விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல. நோவைத் தணிக்கும் மருந்துகளை வைத்தியரிடம் கேட்டு, அவர் மேற்பார்வையில் கடைசிவரை கொடுக்க வேண்டும். வேதனையில் விடுவதை இந்நாட்டுச் சட்டமும் அனுமதிக்காது.

சம்மதித்தால் என்ன நடக்கும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. நீங்கள் ஒரு பத்திரத்தில் கையொப்பம் இடுவீர்கள். பெரும்பாலும் முன்னங்காலில் சிறிது உரோமத்தை மழித்து, அளவுக்கு மேற்பட்ட மயக்க மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். சில விநாடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இருதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தபடியே இருக்கும். இறந்த பின்னரும் ஓரிரு தடவை மூச்சு இழுப்பது போலத் தோன்றலாம், சிறுநீரும் போகலாம். இவை வேதனையின் அடையாளம் அல்ல. சில வைத்தியர்கள் வீட்டுக்கே வருவார்கள். கூடுமானால் பழகிய ஒருவர் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அந்த வேளையில் திருநீறு பூசி, தேவாரம் பாடிய குடும்பத்தை நாம் அறிவோம். வைத்தியர் மரியாதையோடு காத்துநின்றாராம்.

அதன்பின்

உடலை ஒரு துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சொந்த வீடானால், நாய் வாழ்ந்த அந்த வீட்டின் பின்வளவிலேயே புதைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாடகை வீடானால் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். பொதுப் பூங்காவில் புதைக்கக் கூடாது. மூன்று அடி ஆழமாவது வெட்டுங்கள். ஊசி மருந்து உடலில் தங்கியிருப்பதால், நரி தோண்டித் தின்றால் அதுவும் இறந்துவிடும். லண்டனில் நரிக்குக் குறைவில்லை.

தகனம் செய்விப்பதானால் இரண்டு முறைகள் உண்டு. பல மிருகங்களைச் சேர்த்துத் தகனம் செய்வது ஒன்று, தனியே தகனம் செய்து சாம்பலைத் திருப்பித் தருவது மற்றது. பின்னதற்குச் செலவு கூட. எது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். துக்கத்தில் இருக்கும்போது இதை யோசிக்க முடியாது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயம். அதைப் பதிந்துள்ள நிறுவனத்துக்கும் காப்புறுதிக்காரருக்கும் இறப்பை அறிவிக்க வேண்டும்.

துடக்கு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். எமது வழக்கில் துடக்கு உறவின்முறைக்கே உரியது, வளர்ப்பு மிருகத்துக்குக் காப்பதில்லை. குளித்துவிட்டு விளக்கேற்றத் தடையில்லை. சந்தேகம் இருப்பின் உங்கள் குருக்களிடம் கேளுங்கள்.

துக்கத்தை மறைக்க வேண்டாம்

எமது இனத்தில் செத்தவீடு என்றால் ஊரே கூடும். சமைத்துக் கொண்டுவருவார்கள். எட்டு, அந்தியேட்டி, திவசம் என்று ஒரு வருடத்துக்கு வழி காட்டும் ஒழுங்கு உண்டு. நாய் இறந்தால் ஒருவரும் வருவதில்லை, ஓர் ஒழுங்கும் இல்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். காலையில் கதவடியில் வால் ஆட்டும் சத்தம் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். இதனாலேயே இந்தத் துக்கம் சில வேளை கூடுதலாகத் தாக்குகிறது. "இன்னும் முந்திக் காட்டியிருக்கலாம்", "அவசரப்பட்டுவிட்டோம்" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஏறக்குறைய எல்லோருக்கும் இது வரும்.

இந்நாட்டவருக்கும் இது புதிதல்ல. ஹைட் பார்க்கின் விக்ரோரியா வாசலருகே 1881இல் செரி என்ற சிறு நாயை அங்குள்ள காவல்காரரின் தோட்டத்தில் புதைத்தார்கள். 1903இல் அந்த இடத்தை மூடும்போது சிறு கல்லறைகள் முந்நூறளவில் சேர்ந்துவிட்டன. ஈஸ்ட்ஹாம், மனர்பார்க் பகுதிகளில் வாழும் எமது குடும்பங்களுக்கு இன்னும் கிட்டவே ஒன்று இருக்கிறது. இல்போர்டில் வூட்போர்ட் பிரிட்ஜ் வீதியிலுள்ள பி.டி.எஸ்.ஏ. மிருக மயானத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மிருகங்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று றிப் என்ற தெருநாய். 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சின்போது பொப்லரில் அநாதையாகக் கிடந்ததை ஒரு வான்தாக்குதற் காவலர் சோறு போட்டு வளர்த்தார். எவரும் பயிற்றாமலே அது இடிபாடுகளுக்குள் மோப்பம் பிடித்து, ஓர் ஆண்டில் நூறு பேருக்கு மேல் கண்டுபிடிக்க உதவியது. மிருகங்களின் வீரத்துக்கு வழங்கும் டிக்கின் பதக்கம் 1945இல் அதற்குக் கிடைத்தது. 1946இல் இறந்தது. அதன் கல்லறையைப் பார்த்தால் கோவிவனின் கல் நினைவுக்கு வரும். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்வது போல "நித்திரையாக்கினோம்" என்று சொன்னால், சிறு பிள்ளை தானும் நித்திரைக்குப் போகப் பயப்படும். "ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்" என்றால் என்றாவது பார்க்கப் போகலாம் என்று காத்திருக்கும். "செத்துப்போச்சு, இனி வராது, அதுக்கு இப்ப நோவில்லை" என்று சொன்னால் போதும். அழுதால் அழ விடுங்கள். பெற்றோரும் அழலாம். அதன் படத்தை ஒட்டி, நினைவில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் நாமும் மகிழ்வோம்.

தனியே வாழும் முதியோரை மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அவர்களோடு இருந்தது அந்த நாய் ஒன்றுதான். அதைச் சாட்டித்தான் அவர்கள் வெளியே நடந்தார்கள். அது போனபின் நடப்பதற்கும் காரணம் இல்லாமற் போகிறது. பின்னேரத்தில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். நாய் இருக்கும்போதே நடத்த முடியாத முதியோருக்கு, 1985இல் தொடங்கப்பட்ட சினமன் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் தொண்டர்கள் வந்து நாயை நடத்திக் கொடுப்பார்கள்.

மனம் தேறாவிட்டால் புளூ குறொஸ் நிறுவனத்தோடு தொடர்புகொள்ளலாம். வளர்ப்பு மிருகத்தை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் தொண்டை 1994 முதல் நடத்தி வருகிறார்கள். காசு கேட்பதில்லை. உடனே இன்னொரு குட்டி வாங்க வேண்டும் என்று ஒருவரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டில் கலந்து பேச

1. தருமருடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் இந்திரனுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

2. காந்தியடிகளின் கன்றையும் கங்கோத்ரிப் பசுவையும் பற்றி உங்கள் வீட்டில் யார் என்ன நினைக்கிறார்கள்? அம்மம்மா என்ன சொல்கிறார்?

3. உங்கள் நாய்க்கு அல்லது பூனைக்கு இப்போது எத்தனை வயது? அது நடக்கும் வழியில் வழுக்கும் இடம் எது?

4. நண்பரின் வீட்டில் நாய் இறந்தால் நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?

அருச்சனை பற்றிக் கேட்ட பிள்ளைக்கு அன்று நாம் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு எமது குருக்களிடம் கேட்டோம். வீட்டுக்காரரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் குடும்ப அருச்சனை செய்யலாம், நாயும் அந்தக் குடும்பத்தில்தானே இருக்கிறது, மனதில் நினைத்தாற் போதும் என்றார். நாய் இறந்த மறுவாரம் தாயும் பிள்ளையும் வந்து வைரவர் சந்நிதியில் அப்படியே செய்தார்கள். அடுத்த முறை எவராவது தயங்கித் தயங்கி "நாய்தானே" என்று தொடங்கினால், முழுவதையும் கேளுங்கள். அதன் பெயர் என்னவென்றும் கேளுங்கள்.